நூல் கட்டிய துண்டு

நவம்பர் 9

மருந்து கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்துவிட்டுப் போன டைரி. பத்து மாதமாக என் மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று அதை உருவித் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். அட்டையில் கல்லீரல் படம். எழுதத் தோன்றுகிற முகமா அது?

சிகரெட்டை விட்டதிலிருந்து சாயங்காலமானால் கை சும்மா இருக்க மறுக்கிறது. ரூபி இருந்தால் ஏதாவது திட்டுவாள், பொழுது போகும். அவள் பெங்களூரில், எங்கள் மகள் ஷைனியின் பிரசவத்துக்காகப் போயிருக்கிறாள். பிப்ரவரி வரை நான் தனிக்கட்டை. 'பேனாவையாவது பிடியுங்க' என்று போனில் சொன்னாள். பிடித்துவிட்டேன்.

நவம்பர் 12

மழை விடவில்லை. மழை வந்தால் உப்பளம் மூடும், உப்பளம் மூடினால் என் கிளினிக் திறக்கும். வேலை நாளில் கால் ஆணியை வெட்டிக்கொண்டு வீட்டில் எவர் உட்காருவார்கள்? வருஷம் முழுக்க வலியைச் சேர்த்து வைத்திருந்து, ஐப்பசி மழையில் மொத்தமாக வருவார்கள். பொங்கல் கழிந்து உப்புப் பாத்திக்குள் இறங்குவதற்குள் புண் ஆறிவிட வேண்டும், அதுதான் கணக்கு. ஆணி, மரு, முள், பித்தவெடிப்பு என்று கால்களாகவே பார்த்துப் பார்த்து, சில சமயம் முகம் மறந்துபோகிறது.

இன்று அன்னபாக்கியம் வந்தாள். கூடவே சந்தனமாரி. இருவரும் ஒரே அளத்தில் உப்பு வாருகிறவர்கள். அன்னபாக்கியத்துக்கு அறுபதை ஒட்டி இருக்கும். நோயைவிட நோயைப் பற்றிய பேச்சு நீளம்.

"ரெண்டு பேருக்கும் வலது குதிங்காலுதான்யா. ஒரே பாத்தில நின்னா ஆணியும் ஒரே எடத்துல வரும் போல."

"ஒரே வீட்ல சோறு தின்னா ஒரே எடத்துல வயிறு வலிக்குமா?" என்றேன்.

"உங்க கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா" என்று சிரித்தாள். சந்தனமாரி சிரிக்கவில்லை. சின்னப் பெண், இடுப்பில் நாலு வயதுப் பிள்ளை. புருஷன் குஜராத்தில் ஏதோ கம்பெனியில் இருக்கிறானாம். "யக்கா, நீங்க மொதல்ல போங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று பின்வாங்கினாள்.

பிளேடால் மேல்தோலைச் சீவிப் பார்த்தேன். இருவருக்குமே அடியில் கறுப்பு. உப்புக் கல் குத்தி ரத்தம் கட்டியிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் கறுப்பைக் கண்டால் பயாப்சிக்கு அனுப்பிவிடுவது என் வழக்கம். இந்த ஊரில் வேறு எவனும் அனுப்புவதில்லை, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்னபாக்கியத்தின் ஆணி சுலபமாக வந்தது. சந்தனமாரியைப் படுக்கவைத்து மரத்துப்போக ஊசி போட்டேன், கரண்டு போய்விட்டது. இன்வெர்ட்டர் பாட்டரி செத்து ஒரு மாதமாகிறது. நர்ஸ் ஜெசிந்தா செல்போன் டார்ச்சைப் பிடித்தாள். கை நடுங்காமல் பிடிப்பதற்கு அவளுக்கு ஒரு மெடல் கொடுக்கலாம். சந்தனமாரியின் பிள்ளை வெளியே அன்னபாக்கியம் மடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் நான் போட்ட தையலைப் பார்த்தால் மெடிக்கல் காலேஜ் வாத்தியார்கள் கைதட்டுவார்கள்.

இரண்டு துண்டையும் வழக்கம்போல ஒரே சீசாவில் போட்டேன். லேப்பில் சீசாவுக்குத்தான் கட்டணம். இவர்களிடம் இரண்டு கட்டணம் கேட்டால் இரண்டு பேருமே டெஸ்டே வேண்டாம் என்று போய்விடுவார்கள். அடையாளத்துக்கு ஒரு துண்டில் கறுப்பு நூல் கட்டினேன். சீட்டில் அன்னபாக்கியம் பெயர். கிளினிக் நோட்டில் எழுதியது: 'ஆணி, இரண்டு. தையல். பயாப்சி.' அன்னபாக்கியத்தின் புருஷன் சுடலைமணி சீசாவை மஞ்சள் பைக்குள் வைத்துத் தூத்துக்குடி பஸ் ஏறினார்.

மெஸ் சாப்பாடு. நெத்திலிக் குழம்பில் உப்பு அதிகம். உப்பள ஊர்க்காரனுக்கே உப்பு அதிகம் என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நவம்பர் 15

மழை. காய்ச்சல் கூட்டம். ஜெசிந்தாவுக்கே காய்ச்சல்.

நவம்பர் 24

லேப்பிலிருந்து வாட்ஸாப்பில் ரிப்போர்ட் வந்தது. காலை இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுப் படித்தேன்.

நூல் இல்லாத துண்டு: சாதாரண ஆணி. நூல் கட்டிய துண்டு: மெலனோமா. தோலில் வரும் கறுப்புப் புற்று. வெட்டிய விளிம்பு வரைக்கும் இருக்கிறது, அதாவது மிச்சம் காலிலேயே இருக்கிறது.

பத்து நிமிடத்தில் லேப் டாக்டரம்மாவே போன் செய்தார். "சார், அன்னபாக்கியம் கேஸ். ரெண்டு துண்டும் ஒரே பேஷண்ட்டுதானே?"

"ஆமாம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் கேட்ட விதத்தில் வேறு பதிலுக்கு இடமில்லை. ஒரு சீட்டு, ஒரு பெயர். வேறு மாதிரிச் சொன்னால் அது என்ன வழக்கம் என்று கேட்பார். நேற்றுப் படிப்பு முடித்தவருக்கு நான் என் ஊர் நிலவரத்தைப் பாடம் எடுக்க வேண்டும்.

பிறகு இந்த டைரியைத்தான் எடுத்தேன். பன்னிரண்டாம் தேதியைப் படித்தேன். கரண்டு போனதை எழுதியிருக்கிறேன். நெத்திலிக் குழம்பை எழுதியிருக்கிறேன். என் தையலுக்கு நானே கைதட்டியிருக்கிறேன். நூலை யாருடைய துண்டில் கட்டினேன் என்று எழுதவில்லை.

நவம்பர் 25

ஜெசிந்தாவைக் கேட்டேன்.

"நெனவில்ல டாக்டர். நான் டார்ச்ச புடிச்சிட்டு உங்க கையத்தான் பாத்தேன். சீசாவ பாக்கலியே."

"நல்லா யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். அவள் யோசிப்பது முகத்தில் தெரியும், நெற்றி சுருங்கும். கடைசியில், "ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சொல்லிருவோம் டாக்டர். இன்னொரு தடவ ரெண்டு பேருக்கும் தழும்புல கொஞ்சம் எடுத்து அனுப்பினா தெரிஞ்சிரும்லா" என்றாள்.

ஒருத்திக்கு வந்த நோய்க்கு எதற்கு இரண்டு பேரைப் பயமுறுத்துவது என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. மருந்துச் சீட்டு வாங்க நின்ற ஆள் திரும்பிப் பார்த்தான். ஜெசிந்தா ஊசிகளை எண்ண ஆரம்பித்தாள்.

கூப்பிட்டால் என்ன சொல்வது? 'உங்களில் ஒருத்திக்குப் புற்று, யாருக்கென்று எனக்கு மறந்துவிட்டது' என்றா? சாயங்காலத்துக்குள் அளம் முழுக்கப் பரவும். அப்புறம் காலில் முள் குத்தினால்கூட இவர்கள் கைவைத்தியமாகக் கறுப்பு எண்ணெய் ஊற்றிக்கொண்டு வீட்டில் கிடப்பார்களே ஒழிய என்னிடம் வரமாட்டார்கள். நஷ்டம் அவர்களுக்குத்தான்.

நவம்பர் 26

இரவு நன்றாக யோசித்தேன். இப்போது ஞாபகம் வருகிறது. அன்னபாக்கியத்தின் துண்டுதான். அவளுடைய கறுப்பு அகலமாக இருந்தது. அகலமாக இருப்பதில்தானே அடையாளம் வைக்கத் தோன்றும்? முடிச்சுப் போட்டது கண்ணிலேயே நிற்கிறது. இடுக்கியால் நூலின் நுனியைப் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தேன்.

வயதும் சேர்ந்து வருகிறது. இந்த நோய் வயதானவர்களுக்குத்தான் அதிகம். எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். சந்தனமாரிக்கு இருபத்தெட்டு. ஷைனியைவிட ஒரு வயது சின்னவள்.

எனவே அன்னபாக்கியம். நிம்மதியாக இருக்கிறது, நிம்மதி என்று எழுதுவது நல்லாயில்லை என்றாலும்.

நவம்பர் 27

சந்தனமாரி தையல் பிரிக்க வந்தாள். பிள்ளை என் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்தது, ரப்பர் குழாயைக் கடித்தது. புண் அழகாகக் கூடியிருக்கிறது.

"டெஸ்டு என்னாச்சு சார்?"

"உனக்கு ஒண்ணுமில்லம்மா. வெறும் ஆணி."

கையெடுத்துக் கும்பிட்டாள். ஜெசிந்தா பஞ்சு எடுக்கப் போனவள் பஞ்சு இல்லாமல் திரும்பி வந்தாள். தழும்பை உற்றுப் பார்க்க மேஜை இழுப்பறையில் லென்ஸ் இருந்தது. எடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

நவம்பர் 28

அன்னபாக்கியத்திடமும் சுடலைமணியிடமும் சொன்னேன். சுடலைமணி லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவர், மூட்டை மாதிரியே உட்கார்ந்திருந்தார். அவள்தான் பேசினாள்.

"புத்தாய்யா?"

"ஆரம்பந்தான். மதுரைல என் கூடப் படிச்ச சர்ஜன் இருக்கார். குதிங்கால்ல இன்னும் கொஞ்சம் ஆழமா, அகலமா எடுக்கணும். தொடையில இருந்து தோல் எடுத்து ஒட்டுவாங்க."

"பொறவு நான் பாத்தில நிக்க முடியுமா?"

பார்க்கலாம் என்றேன். நிற்க முடியாது. ஒட்டுத்தோல் உப்புத் தண்ணீரைத் தாங்காது, அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தனமாரிக்கு?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல."

"அது போதும்யா" என்றாள். "அவ பிள்ளக்காரி."

மதியம் சாப்பிடவில்லை. பசியில்லை.

டிசம்பர் 9

மதுரையில் ஆபரேஷன் முடிந்தது. சர்ஜன் பரமேஸ்வரன் போன் செய்தான். ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில், அந்தக் காலத்திலிருந்தே சந்தேகப் பேர்வழி.

"டேய் ஞானதுரை, ரிப்போர்ட்டுல ரெண்டு துண்டுன்னு இருக்கு. இங்க தழும்பு ஒண்ணுதான இருந்துச்சு?"

"ஒரே வெட்டுல ரெண்டு துண்டா வந்துச்சு."

"சரி. நோட்ஸ் அனுப்புறியா, எந்த அளவு, எந்தத் திசைன்னு?"

"எங்கப்பா, இங்க மழை, நோட்டெல்லாம் நனைஞ்சு கெடக்கு."

நோட்டு நனையவில்லை. அதில் இருப்பது ஒரே வரி. அதை அனுப்பினால் சிரிப்பான். நான் இருபத்தைந்து வருஷமாக வெட்டியதில் ஒருவருக்கும் சீழ் பிடித்ததில்லை என்று அவனிடம் சொன்னேன். அவன் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன்.

டிசம்பர் 12

கிளினிக்குப் பின்னால் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். மெக்கானிக் வரவில்லை.

டிசம்பர் 21

அன்னபாக்கியத்தை ஆட்டோவிலிருந்து சுடலைமணி தூக்கிக்கொண்டு வந்தார். கட்டுப் பிரித்துப் பார்த்தேன். குதிங்காலில் ஒரு கிண்ணம் அளவுக்குச் சதை இல்லை. அதன்மேல் தொடைத்தோல், வெளிறிப்போய். இன்னும் ஒரு மாதம் காலை ஊன்றக் கூடாது. தொடையில் தோல் எடுத்த இடம்தான் அதிகம் எரிகிறதாம்.

"ஒரு காலுக்குச் சொகமாகணும்னா இன்னொரு எடம் எரியத்தான செய்யும்" என்றாள். வழக்கமாக அவள் பேசினால் நான் ஏதாவது மடக்குவேன். இன்று குனிந்து கட்டைத் திரும்பப் போட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ரூபி வரமாட்டாளாம். ஜெசிந்தா இப்போதே கேக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் இப்போதெல்லாம் என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது.

ஜனவரி 4

புது டைரி. அட்டையில் இந்த வருஷம் சிறுநீரகம்.

பரமேஸ்வரன் போன். "நல்ல நியூஸ்டா. எடுத்த சதை முழுக்கப் பாத்துட்டாங்க. ஒரு புற்று செல்கூட இல்ல. தொடை இடுக்கு நெறியும் சுத்தம். அந்தம்மாவுக்கு அதிர்ஷ்டம்."

"ரொம்ப சந்தோஷம்டா."

"ஆனா ஒண்ணு. விளிம்பு வரைக்கும் இருக்குன்னு உன் லேப் சொல்லியிருக்கே. அப்போ மிச்சம் இருக்கணுமே? எங்க போச்சு?"

"சில சமயம் தானாவே அழிஞ்சிரும்ல?"

"அபூர்வமா ஆகும்" என்றான். அவனுக்கு வேறு போன் வந்தது.

அபூர்வமாக ஆகும். படித்திருக்கிறேன். உடம்பு தானே எதிர்த்து அழித்துவிடுகிறது. புத்தகத்தில் இருக்கிறது.

ஜனவரி 5

சுடலைமணி மக்ரூன் வாங்கி வந்தார், தூத்துக்குடி கடையில் வாங்கியது. என் கையில் டப்பாவைக் கொடுத்துவிட்டுக் காலைத் தொட வந்தார், தடுத்துவிட்டேன். "நீங்க அன்னைக்கு டெஸ்டுக்கு அனுப்பலன்னா அவ போயிருப்பாய்யா" என்று அழுதார். காத்திருந்த கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது.

மக்ரூன் நன்றாக இருந்தது. ஜெசிந்தா எடுத்துக்கொள்ளவில்லை. "பல்லு வலி டாக்டர்" என்றாள்.

ஜனவரி 11

சந்தனமாரிக்குப் போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப்.

ஜனவரி 16

பொங்கல் கூட்டம். மாடு முட்டியது இரண்டு, கரும்பு வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்டது ஒன்று.

ஜனவரி 23

அளம் திறந்துவிட்டது. சந்தனமாரி வேலைக்குப் போகிறாளாம். உப்பளம் இங்கிருந்து பத்து நிமிட ஸ்கூட்டர் தூரம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம்.

ஜனவரி 26

ஞாயிறு. ஸ்கூட்டர் டயர் பஞ்சர்.

பிப்ரவரி 8

பேத்தி பிறந்திருக்கிறாள்! மூன்று கிலோ. ஷைனி நன்றாக இருக்கிறாள். ரூபி போட்டோ அனுப்பினாள், முகம் அச்சு அசல் என் அம்மா. கிளினிக்கில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். மூன்று நாள் பெங்களூரு போகிறேன்.

பிப்ரவரி 13

திரும்பிவிட்டேன். குழந்தையின் குதிங்காலை ரூபி என் முகத்தில் வைத்து முத்தம் கொடுக்கச் சொன்னாள். என்ன வேடிக்கை, நான் நெற்றியில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மார்ச் 6

அன்னபாக்கியம் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தாள். காலைக் காட்டத்தான். புண் ஆறிவிட்டது. நடந்தால் பலகையில் நடப்பது மாதிரி இருக்கிறதாம். அளத்தில் கணக்குப்பிள்ளை அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலை தருவதாகச் சொல்லி, அப்புறம் வேறு ஆளைப் போட்டுவிட்டார். வீட்டில் சும்மா இருக்கிறாள். பேச ஆள் இல்லாததால் என்னிடம் அதிகம் பேசினாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்:

"சந்தனமாரிக்கு நெறி கட்டிருக்காம்யா, தொட இடுக்குல. உப்புத் தண்ணில நிக்காளா, எங்கயாவது புண்ணு பட்டிருக்கும். வெத்தலயும் சுண்ணாம்பும் அரச்சுப் போட்டிருக்கா. எம்புட்டு நாளா கட்டிருக்குன்னு கேட்டா, ஒரு மாசமாம். இம்புட்டு நாளா நெறி வத்தாம இருக்குமாய்யா?"

எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"வலது பக்கந்தான்."

காலில் புண் இருந்தால் நெறி கட்டும், இரண்டு நாளில் வற்றிவிடும், இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஒரு மாதமாக வற்றாத நெறி என்னவென்று எனக்குத் தெரியும். ஜெசிந்தா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் மருந்துச் சீட்டில் பேனாவை வைத்தபடி எதுவும் எழுதாமல் இருந்தேன், மை ஊறி வட்டமாகப் பரவிவிட்டது.

மார்ச் 7

ஜெசிந்தாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அளத்துக்குப் போனேன். வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை, எங்கும் வெள்ளை. பெண்கள் வரப்பில் வரிசையாக உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். நாலாவதாகச் சந்தனமாரி. கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். கிழிந்த ரப்பர் பூட்ஸ்.

என்னைக் கண்டதும் கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்தாள். "சார்! எங்க இம்புட்டு தூரம்?"

சாப்பாட்டுக் கொட்டகைக்குள் உட்காரவைத்தேன். பூட்ஸைக் கழற்றினாள், தண்ணீர் வழிந்தது. லென்ஸை இந்தத் தடவை மறக்காமல் எடுத்துப் போயிருந்தேன். லென்ஸே தேவைப்படவில்லை. என் அழகான தையல் போட்ட கோட்டின் ஒரு நுனியில், மை தொட்ட விரலை ஒற்றி எடுத்தது மாதிரி கறுப்பு. பக்கத்தில் இன்னும் இரண்டு புள்ளி.

ஜெசிந்தா சேலையைப் பிடித்து மறைக்க, தொடை இடுக்கைத் தொட்டுப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவு. கல் மாதிரி. நகரவில்லை.

"வலிக்கல சார்" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. "வலிக்காததுனாலதான் நான் உங்ககிட்ட வரல. நீங்கதான் ஒண்ணுமில்லன்னு சொன்னியளே."

நாளைக்குக் கிளினிக்குக்கு வா என்றேன். இன்று கூலி போய்விடக் கூடாதென்று அவள் திரும்ப வரப்புக்கு ஓடினாள். அந்தக் காலோடு ஓடினாள். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். ஜெசிந்தா வழியில் என் முதுகுக்குப் பின்னால் அழுதாள். நான் திரும்பவில்லை.

மார்ச் 8

சந்தனமாரி தனியாக வருவாள் என்று நினைத்தேன். அன்னபாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தனியாக டாக்டரிடம் வரப் பயமாம். நவம்பரில் உட்கார்ந்த அதே பெஞ்சு, அதே இடம். பிள்ளை அதே மாதிரி அன்னபாக்கியத்தின் மடியில். கம்பு சுவரில் சாய்ந்திருந்தது.

வேறு நோயாளிகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னேன். ஜெசிந்தாவை இருக்கச் சொன்னேன். சொல்லிவிட்டேன்.

ஒரே சீசாவில் இரண்டையும் போட்டதைச் சொன்னேன். நூலைச் சொன்னேன். யாருடையது என்று எழுதி வைக்காததைச் சொன்னேன். ரிப்போர்ட் வந்த அன்றைக்கே எனக்குத் தெரியாமல் போனதையும், தெரிந்த மாதிரி நடந்துகொண்டதையும் சொன்னேன். ஜனவரியில் அன்னபாக்கியத்தின் காலில் ஒன்றுமில்லை என்று வந்தபோதே யாருக்கு என்று விளங்கிவிட்டதையும், அதற்கப்புறம் டயர் பஞ்சர் என்று உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன்.

ஒன்றைச் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். நூலை டார்ச் வெளிச்சத்தில்தான் கட்டினேன். கரண்டு போனது சந்தனமாரி மேஜையில் படுத்த பிறகு. அன்னபாக்கியத்தின் துண்டு அதற்கு முன்பே சீசாவுக்குள் இருந்தது. நவம்பர் இருபத்தாறாம் தேதி பக்கத்திலேயே என் கையெழுத்தில் இருக்கிறது, டார்ச் வெளிச்சம் என்று. அதை எழுதிவிட்டு, அடுத்த வரியில் சந்தனமாரியின் வயதை எழுதியிருக்கிறேன். அவளாக இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையைத்தான் ஞாபகம் என்று எழுதிவைத்தேன்.

அன்னபாக்கியம் முதலில் புரிந்துகொள்ளவில்லை. "அப்போ எனக்குப் புத்து போயிருச்சு, இவளுக்கு வந்திருச்சா?" என்று கேட்டாள். இல்லை, உனக்கு வரவே இல்லை என்றேன்.

"வரவே இல்லியா?"

"இல்லம்மா."

"அப்போ என் காலு?"

அவள் குனிந்து தன் குதிங்காலைத் தொட்டுப் பார்த்தாள், வேறு யாருடைய காலையோ தொடுவது மாதிரி. எனக்குத் தெரிந்த அன்னபாக்கியம் இந்நேரம் கிளினிக் கூரை பறக்கக் கத்தியிருப்பாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

சந்தனமாரி பிள்ளையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அன்னைக்கே என்னையும் மதுரைக்கு அனுப்பிருந்தியன்னா, காலோட போயிருக்குமா சார்?"

"சொல்ல முடியாதும்மா" என்றேன்.

ஜெசிந்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பரமேஸ்வரனுக்கு எல்லாவற்றையும் எழுதி ஒட்டிய கவரைச் சந்தனமாரியிடம் கொடுத்தேன். என் காரில் மதுரைக்குக் கூட்டிப்போகிறேன், கார் இப்போதே தயாராக இருக்கிறது என்றேன். வேண்டாம் என்று அன்னபாக்கியம் தலையாட்டினாள். "நாங்க பஸ்ல போயிக்கிடுதோம்."

"இந்தக் காலோட எப்படிம்மா பஸ்ல..."

"நாங்க போயிக்கிடுதோம்யா."

கம்பை எடுத்து எழுந்தாள். வாசல்படிக்குப் போனவள் நின்று திரும்பினாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்பது மாதிரி, விளங்காமல் கேட்டாள்.

"உங்களுக்கு யாருதுன்னு தெரியலன்னா, ஒரு வார்த்த எங்ககிட்ட கேட்டிருக்கலாம்லய்யா. ரெண்டு பேரும் வந்திருப்போம்லா. அன்னைக்கும் நாங்க சேந்துதான வந்தோம்."

அன்னபாக்கியம் கம்பை ஊன்றிப் படியிறங்கி, திரும்பி நின்று, சந்தனமாரி இறங்கக் கை கொடுத்தாள். மதுரை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. எதிரே நிறுத்தத்தில் உட்கார இடம் கிடையாது. மூன்று பேரும் வெயிலில் நின்றுகொண்டிருந்ததை ஜன்னலிலிருந்து பஸ் வரும்வரை பார்த்தேன்.